மௌனம் குற்றமாகாது
(முள்ளிவாய்க்காலில் ஆற்றிய உரை)



விளங்காத மொழியிலே கட்டளை பிறக்க, விடை சொல்லத் தெரியாது நின்ற காரணத்தால் அடிபட்டவர்கள் நம்மிடையே உண்டு. இன்று நாம் பேச வந்ததோ, தாய்மொழியிலே கேட்டாலும் உடனே விடை தர இயலாத பிள்ளைகளைப் பற்றியாகும். வைத்தியர்கள் ஓட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகின்றனர். அச்சொல் நமக்கு உவப்பானதன்று. இறுகியிருப்பது எவர் மதி?

2020 மே 25 ஆம் நாள், அளுத்கமவை அடுத்த தர்கா நகரிலே, சைக்கிளில் சென்ற 14 வயது முஸ்லிம் சிறுவன் ஒருவன் சோதனைச் சாவடியிலே பொலிசாரால் தாக்கப்பட்டான். அவன் ஓட்டிசம் உடையவன். கமராவிலே பதிவான அக்காட்சியை நாடே கண்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போரிலும் அனர்த்தத்திலும் அவர்களைக் காக்கும் கடமையை அரசின்மேல் சுமத்தும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016 இல் இலங்கை உறுதி செய்தது. அதன் 11 ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். ஏட்டிலே இருப்பது சாவடிக்கு வந்து சேரவில்லை!

நாம் கேட்பது பெரும் செலவன்று. 1990 அம்புலன்ஸ் வண்டி 2018 இல் வடக்கிற்கும் வந்தது, நன்று. வீட்டு வாசலை அடைந்ததும் அதன் சங்கொலியை நிறுத்தலாகாதா? பிள்ளையைத் தொடுமுன், எதற்கு அஞ்சுவான், எதனால் அமைதியடைவான் என்று தாயிடம் கேட்கலாகாதா? ஒரே ஒருவர், சிறு சொற்களால், ஒரு கேள்வி கேட்டுக் காத்திருக்கட்டும். அவன் கைகளை ஆட்டுவது தாக்குவதற்கன்று, தன்னைத் தேற்றிக்கொள்வதற்கு. முகங்குப்புற அமுக்கினால் மூச்சே நின்றுவிடக்கூடும். நோவைச் சொல்லாதிருப்பான், ஆகவே காயத்தை நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

இவ்வூருக்கென்றே ஒன்று சொல்வோம். ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல். இப்பிள்ளைகளிற் பலரை நீர் ஈர்க்கும்; ஆபத்தை அவர்கள் அறியார். பிள்ளையைக் காணவில்லையென்றால் முறைப்பாடு எழுதி முடியும்வரை காத்திராது, முதலில் நீர்க்கரைக்கு ஓடுங்கள். ஒலிபெருக்கியிலே பெயர் சொல்லி அழைத்தால் வருவான் என்று எண்ணாதீர்கள்; அவ்வோசைக்கே அஞ்சி ஒளிந்துகொள்ளவுங்கூடும்.

இத்தகைய பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுத்தால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். பட்டியல் என்றாலே நம் தாய்மார் நடுங்குவர். அதற்குக் காரணமும் உண்டு. எடுப்பதாயின், பெற்றோர் விருப்பத்தோடு வைத்தியசாலையிலே இருக்கட்டும். பொலிசிலோ முகாமிலோ வேண்டாம்.

அம்புலன்ஸ் ஊழியருக்கும் பொலிசாருக்கும் தமிழிலேயே பயிற்சி நடத்துமாறும், அதிலே இப்பிள்ளைகளின் தாய்மாரையே ஆசிரியராக அமர்த்துமாறும் கோரும் தீர்மானத்தை இப்போது உங்கள் முன் வைக்கின்றோம்.