மெலிவதும் தேறுவதும்: நம் பெண்களின் உடல்நலம்

(கழகத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் மேடையில் உடற்கொழுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் பெண்களின் உடம்பு தலைமுறை தலைமுறையாக இளைப்பதும் தேறுவதுமாகவே இருந்து வந்திருக்கிறது. அதன் விளைவை அறிந்துகொள்வதும் கல்வியே என்பது எங்கள் கருத்து.

மதுரைச் சமவெளியில் உழைப்பும் உணவும் தண்ணீரைப் பின்தொடர்ந்தே வந்தன. 1895இல் பெரியாற்று நீர் கிழக்கே திருப்பப்பட்டது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோக நிலம். அதற்கு அப்பால் மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐயாயிரம் ஏக்கருக்கு ஒரு போகமே உண்டு. நாற்றுப் பறிக்கவும், நடவும், களையெடுக்கவும், கதிரறுக்கவும் அவ்வயல்களில் இறங்கியவர்களுள் நம் தாய்மார் மிகப் பலர். நிலம் அவர்களுடையதன்று. தை, மாசியில் கூலிநெல் வீடு வந்து சேரும்; உடம்பு சற்றே தேறும். பங்குனி கடந்தால் பானை வெறுமையாகும். கேப்பைக் கூழும் ஒருவேளையாகச் சுருங்கும். அவர்கள் வீட்டில் தராசு ஏது? கைவளையல் கழன்று விழுவதும் ரவிக்கை தளர்வதுமே அவர்கள் கண்ட அளவுகோல்.

1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதே மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் தொடங்கப்பட்டது. குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் துணையுணவு தந்தார்கள். நல்ல பணி. ஆயினும் பிள்ளைப்பேறு கடந்த உழைப்பாளிப் பெண்ணுக்கு அத்தராசில் இடமில்லை.

இனி, மெலியும்போது உடம்பினுள் நடப்பது யாது? கொழுப்பு மட்டுமே கரைகிறது என்று பலர் நம்புகின்றனர். அஃது உண்மையன்று, தசையும் உடன் கரைகிறது. கொழுப்பு குறையக் குறைய, கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் சுரப்புநீரும் குறைந்து, பசி மிகுகிறது. உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வரும்படி நின்ற குடும்பம் விளக்கைச் சீக்கிரம் அணைப்பது போல எனலாம். பிறகு உணவு கிட்டும்போது கொழுப்பு முந்திக்கொண்டு சேருகிறது, தசை பின்தங்குகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 1944-45இல் 36 இளைஞர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து, உடலெடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தவர்கள் மீண்டும் வயிறார உண்டபோது, தசை முழுமையாகத் திரும்புமுன்னரே கொழுப்பு பழைய அளவைக் கடந்தது.

அவர்கள் ஆண்கள். மாதவிடாய் நின்ற 78 பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. எடை குறைந்தபோது, கரைந்த ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் 260 கிராம் தசை முதலிய கொழுப்பற்ற பகுதி உடன்போயிற்று. எடை திரும்பியபோதோ, ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் 120 கிராம் மட்டுமே மீண்டது. அவ்வயதில் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றை நாடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எடை ஏறியிறங்குவதே எல்லாப் பெண்களையும் நிலையாகப் பருக்க வைக்கிறது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று அமெரிக்க அரசு அமைத்த வல்லுநர் குழு 1994இல் தெரிவித்தது. பருமன் மிக்கோர் இதற்கஞ்சி எடையைக் குறைக்காமல் இருந்துவிட வேண்டாம் என்றும் கூறியது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனிபா என்னும் சிற்றூரின் உழவர்குலப் பெண்கள், மழைக்காலத்தில் மெலிந்து அறுவடைக்குப்பின் தேறி, மெலிந்தவர்களாகவே வாழ்ந்து வந்தனர். நம் பாட்டிமாரும் அப்படியே. காரணம் வெளிப்படை. எடை திரும்பியபோது உழைப்பும் உடனிருந்தது.

இன்று அவ்வுழைப்பு போய்விட்டது. கதிரை இயந்திரம் அறுக்கிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. பசி நீங்கியது பெரும் பேறு. அதனைக் குறைகூறுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு துளியாகவும் இருந்தால் தசை எங்ஙனம் வளரும்? 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகையெடையினர். நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையினர். பருத்த உடம்பிலும் சத்துக்குறைவு உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இந்நிலையில், படித்து வேலைக்குச் செல்லும் நம் தங்கையர் சிலர், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக ஒரு மாதம் இரவுணவை விடுகின்றனர். விலையுயர்ந்த மாவைக் கரைத்துக் குடிக்கின்றனர். திருமணம் முடிந்ததும் எடை வட்டியுடன் திரும்புகிறது, மீண்டும் பட்டினி. பாட்டிக்கு நிலவுடைமை விதித்த பட்டினியைப் பேத்தி தானே விலைகொடுத்து வாங்குவதா?

குறைக்க வேண்டியவர் மெல்லக் குறைக்கட்டும். மாதம் ஒன்றிரண்டு கிலோ போதும். சோற்றைக் குறைத்து, தட்டைப்பயறு, மொச்சை, முட்டை, மீன், கருவாடு ஆகியவற்றைக் கூட்டுக. பிறர் இகழ்ச்சிக்கு அஞ்சி மாட்டிறைச்சியைக் கைவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல. தசைக்கு வேண்டிய புரதமும் குருதிக்கு வேண்டிய இரும்பும் அதில் நிறைந்துள்ளன, உண்பவர் நாணவேண்டியதில்லை. நடப்பதோடு, குடம் தூக்குவது போன்ற பளுவான வேலையும் வாரத்தில் சில நாளேனும் வேண்டும். அதுவே தசையைக் காக்கும்.

எடையைவிட இடுப்பளவே நம்பத்தக்கது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லையென வகுத்துள்ளனர். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்கவேண்டும். தையல் நாடா இருந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் உள்ளறையில் நம் சகோதரியர் இருவர் நாடாவுடன் காத்திருப்பார்கள். அளவைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். எல்லையைக் கடந்தவர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பார்த்துக்கொள்ள வேண்டும்.