மூக்கில் அடிக்கும் மருந்து: பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவன் மற்ற பிள்ளைகளோடு பழக ஏதாவது மருந்து இருக்கிறதா?" உங்களிடமும் கேட்பார்கள். அறிவியல் இதற்கு எப்படி விடை தேடியது என்று சொல்கிறேன்.

ஆக்ஸிடோசின் நம் உடலில் சுரக்கும் ஹார்மோன். பிரசவத்திலும் பாலூட்டுவதிலும் தாய் சேய் பிணைப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. அதை மூக்கில் ஸ்பிரேயாக அடித்தால் பழகும் திறன் கூடுமா? 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 12 முதல் 19 வயது வரையுள்ள 16 பையன்களுக்கு ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். கண்களின் படத்தைப் பார்த்து மனநிலையைச் சொல்லும் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. பலருக்கும் நம்பிக்கை பிறந்தது.

பிறகு அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையுள்ள 290 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆக்ஸிடோசின். மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஸ்பிரே. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 24 வாரங்களுக்குப் பின், பிள்ளை ஒதுங்கியிருக்கும் அளவைக் காட்டும் புள்ளிகள் மருந்துக் குழுவில் 3.7 குறைந்தன. மருந்தில்லாத குழுவிலோ 3.5 குறைந்தன. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதே 2021இல் வெளியான முடிவு.

புதிய முறையில் பாடம் நடத்துகிறோம், மதிப்பெண் கூடுகிறது. பழைய முறையில் நடத்திய பக்கத்துப் பிரிவிலும் அதே அளவு கூடியிருந்தால் புதிய முறையைப் பாராட்டுவோமா? இந்த ஒப்பீடு இல்லாமல் போயிருந்தால், அந்த 3.7 புள்ளியை மருந்தின் வெற்றி என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

ஆகவே, பெற்றோர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "பெரிய ஆய்வில் இந்த ஸ்பிரே பலன் தரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்." அதோடு நிறுத்தினால் அவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். பள்ளி என்ன செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கால அட்டவணை மாறினால் அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிவிப்போம். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டோம். கட்டளைகளைச் சுருக்கமாக, ஒவ்வொன்றாகச் சொல்வோம். சத்தம் தாங்காதபோது அமைதியாக உட்கார ஓர் இடம் தருவோம். பொறுமையான ஒரு தோழனைப் பக்கத்தில் அமர்த்துவோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. எனவே இவை நாம் காட்டும் சலுகைகள் அல்ல, அந்தப் பிள்ளைக்குரிய உரிமைகள்.