நாடு தேடிப் போனவர்களின் நாணயங்கள்



நாணயம் சேர்ப்பவர்களில் பலர் நாடு வாரியாகச் சேர்ப்பார்கள். புது நிலம் தேடிப் புறப்பட்ட பயணிகளின் நினைவு நாணயங்களை மட்டும் தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. இந்தச் சேகரிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாடு யாரைக் கொண்டாடியது, யாரை விட்டுவிட்டது என்ற இரண்டையும் அந்தக் காசே சொல்லிவிடும்.

கொலம்பஸிலிருந்து தொடங்குவோம். அவர் அட்லாண்டிக் கடந்த 400ஆம் ஆண்டை ஒட்டிச் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அதற்குப் பணம் திரட்ட 1892இல் வெளியான வெள்ளி அரை டாலர்தான் அமெரிக்காவின் முதல் நினைவு நாணயம். ஒரு பக்கம் கொலம்பஸின் முகம். மறுபக்கம் சாண்டா மரியா கப்பல், அதன் கீழே உலகின் இரு அரைக்கோளங்கள். முதல் காசை ரெமிங்டன் தட்டச்சுப்பொறி தயாரித்த நிறுவனம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. மற்றவர்களுக்கு விலை ஒரு டாலர், அதாவது முகமதிப்பைப் போல் இரு மடங்கு. அளவுக்கு மீறி அச்சடித்ததால் லட்சக்கணக்கில் தேங்கின. நிறைய உருக்கப்பட்டன, மிச்சத்தில் பெரும்பகுதி சாதாரணச் சில்லறையாகப் புழக்கத்துக்குப் போய்விட்டது. தேய்ந்த கொலம்பஸ் காசு இன்றும் பெரிய விலையில்லாமல் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் கொலம்பஸ் உயிரோடிருந்தபோது வரையப்பட்டது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காசில் இருப்பது கலைஞர்கள் கற்பித்த முகம்.

அடுத்தது லூயிஸ், கிளார்க் இருவரின் தங்க டாலர். 1804 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கடந்து பசிபிக் கரை வரை சென்று திரும்பியவர்கள் இவர்கள். நூறாண்டு நிறைவுக்காக 1904, 1905 தேதியிட்டு வந்த இந்தச் சின்னஞ்சிறு காசில் ஒரு பக்கம் லூயிஸ், மறுபக்கம் கிளார்க். இதை வைத்துப் பூவா தலையா போட முடியாது, இரண்டு பக்கமும் தலைதான். ஆனால் அந்தப் பயணத்தில் கைக்குழந்தையை முதுகில் சுமந்துகொண்டு, மொழிபெயர்த்து, கூடவே நடந்த ஷொஷோனி இனப் பெண் சகாஜவியாவுக்கு அதில் இடமில்லை. அவருக்கு 2000இல்தான் ஒரு டாலர் காசு கிடைத்தது. கிளென்னா குடேக்கர் வடித்த அந்த உருவத்தை உற்றுப் பாருங்கள். முதுகில் குழந்தை தூங்குகிறது, அவர் தோளுக்கு மேல் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறார். அது நினைவு நாணயமல்ல, புழக்கத்துக்கென்று அச்சிட்டதுதான். ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத சேகரிப்பு குறையுள்ளது என்றே சொல்வேன்.

இந்தத் துறையில் மிகச் சிறந்த காசு எது என்று கேட்டால் 1928இல் வந்த ஹவாய் அரை டாலரைச் சொல்வேன். கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே வந்து 150 ஆண்டு ஆனதற்காக 10,008 காசுகள் மட்டுமே அச்சிடப்பட்டன. ஒரு பக்கம் குக், ஹவாயைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தோடு. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே பாலினேசியர்கள் கடல் கடந்து வந்து குடியேறிய தீவுகள் அவை. காசைத் திருப்பினால் மலையுச்சியில் கை நீட்டி நிமிர்ந்து நிற்கிறார் ஹவாய்த் தலைவர் ஒருவர், அருகே தென்னை, கீழே வைக்கிகி கிராமம். வாசகம் குக்கைப் புகழ்கிறது, சிற்பம் அந்த மண்ணின் மனிதருக்கு உயரம் கொடுக்கிறது. 1779இல் அதே தீவுகளில்தான் குக் கொல்லப்பட்டார். காசு அதைச் சொல்வதில்லை.

இதன் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, போலிகளும் உலவுகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் காட்டுவது 1970ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய 50 சென்ட். பன்னிரண்டு பக்கம் கொண்ட செம்பு நிக்கல் காசு, குக்கின் முகமும் நிலப்படமும் அவர் கப்பல் சென்ற பாதையும் அதில் உண்டு. ஒரு கோடியே 65 லட்சம் அச்சிட்டார்கள், ஆகவே எளிதாகக் கிடைக்கும். வடித்தவர் ஸ்டூவர்ட் டெவ்லின். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடியினரின் சுவடே இதில் இல்லை.

வாங்கும்போது எடையும் விட்டமும் சரிபாருங்கள். கொலம்பஸ் அரை டாலர் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படவேண்டாம். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவது போலப் பழைய வெள்ளிக் காசைத் தயவுசெய்து துலக்கிவிடாதீர்கள். கருத்துப்போன காசுக்கு மதிப்பு உண்டு, தேய்த்த காசுக்கு அது போய்விடும்.