காலம் முடிந்த இடத்தில் ஓர் இசை



திருவெளிப்பாட்டு நூலை நாம் பெரும்பாலும் அச்சத்தோடுதான் திறக்கிறோம். எக்காளம், விலங்கு, அழிவு என்று போகும் அந்தப் பக்கங்களின் நடுவே, பத்தாம் அதிகாரத்தில், ஒரு வானதூதர் நிற்கிறார். தலைமேல் வானவில், ஒரு கால் கடலில், மறு கால் நிலத்தில். கையை வானத்துக்கு உயர்த்தி ஆணையிடுகிறார். அவர் சொன்னதை, ‘இனிக் காலம் இராது’ என்றே பொருள்கொண்டு ஒருவர் இசை எழுதினார்.

அவர் ஒலிவியே மெசியான், பாரிஸ் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கோர்லிட்ஸ் ஊர் முகாமில் அடைபட்டார். பசி, கடுங்குளிர். அங்கே கிடைத்தது ஒரு வயலின், ஒரு கிளாரினெட், ஒரு செல்லோ. பிறகு, அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் பழைய பியானோ ஒன்று. இந்த நான்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவர் தயங்கவில்லை. உள்ளதை வைத்து எட்டுப் பகுதிகளாக எழுதினார். காவல் அதிகாரி ஒருவரே தாளும் பென்சிலும் கொடுத்து உதவினார். கிளாரினெட் வாசித்தவர் ஒரு யூதர். நாட்சிகளின் முகாமில் இது! அவர் தனியாக வாசிக்கும் பகுதிக்கு ‘பறவைகளின் பாதாளம்’ என்று பெயர். துயரத்தோடு தொடங்கி, நடுவில் பறவைகள் பாட ஆரம்பிக்கின்றன.

1941 ஜனவரி 15 அன்று முகாம் கொட்டகையில் அதை வாசித்தார்கள். கைதிகளும் காவலர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். ஐயாயிரம் பேர் கேட்டதாக மெசியான் பிற்காலத்தில் சொல்வதுண்டு. கொட்டகையோ சில நூறு பேருக்கு மேல் கொள்ளாது. போகட்டும், ஐயாயிரம் என்றதும் நமக்கும் அப்பம் பலுகிய நிகழ்ச்சிதானே நினைவுக்கு வருகிறது?

பசித்தவனுக்குப் பாட்டு எதற்கு என்று நாமும் கேட்டிருக்கிறோம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் பாடகர் குழுவைத்தான் பார்க்கிறோம். ஆனால் பெருந்தொற்று நாள்களில், நாலு பேர் நிற்க, பாட்டே இல்லாமல் நம்மவர்களை அடக்கம் செய்தோமே, அது இன்னும் நம் தொண்டையில் நிற்கிறது. ஆலயம் திறந்ததும் முகக்கவசத்துக்குள்ளேயே பாடினோம். சுருதி சேரவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை.

மெசியானின் எட்டாம் பகுதி இயேசுவின் சாவாமையைப் புகழ்வது. பியானோ இதயத் துடிப்புபோல மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, வயலின் மட்டும் மேலே, இன்னும் மேலே ஏறி, காதுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்து அடங்குகிறது.