வெள்ளெழுத்து வந்தால் ஊசியை வைத்துவிடுவதா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)





இங்கே மனைப்பொருளியல் படித்த எங்கள் எல்லோர் கைக்கும் ஓடுதையலும் சங்கிலித் தையலும் வந்தன. பிறகு சிலர் ஆசிரியைகளானோம், சிலர் வைத்தியர்களானோம், சிலர் வெளிநாடு போனோம். பலர் நற்பிட்டிமுனையிலேயே தையல் மெசினில் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். இன்று பேசப்போவது அந்த மெசினில் இருப்பவர்களின் கண்ணைப் பற்றி.

கண்ணுக்கு மிகவும் வேலை வைப்பது, அடுக்குப் போர்வையின் மேல் மெசினால் போடும் எம்பிராய்டரி. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. அடித்துணிக்குப் பாவித்துப் பழசான மருதமுனைக் கைத்தறிச் சாரம் நல்ல மெதுமை. முதலில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீளத் தையல் போட்டு மூன்றையும் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கம் விழும். பூ வேலைக்குத் துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கைகளாலேயே நகர்த்துகிறோம். கையின் வேகமும் ஊசியின் வேகமும் ஒத்துப்போனால்தான் தையல் சீராக விழும். விரல்கள் ஊசிக்கு மிக அருகில் இருக்கும்.

நாற்பதைத் தாண்டும்போது கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைகிறது. தூரத்து பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியும், ஊசிக்காது தெரியாது. இதுதான் வெள்ளெழுத்து. நோயல்ல, வயதோடு எல்லோருக்கும் வருவது. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறோம். கறுப்புத் துணி வந்தால் திருப்பி அனுப்புகிறோம். பூ வேலையை விட்டுக் கரை மடிக்கும் வேலைக்கு இறங்குகிறோம்; கூலியும் இறங்குகிறது. கடைசியில் "வயசு போயிற்று" என்று மெசினை மூடுகிறோம்.

காந்தா என்னும் அடுக்குப் போர்வைக்குப் பெயர்போன பங்களாதேஷில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2024 இல் வெளியானது. கிட்டப் பார்வை தேவைப்படும் தொழில் செய்யும், 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 800க்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு வாசிப்புக் கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள். 8 மாதத்தின் பின் அவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 33 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது கண்ணாடி மட்டுமே.

வைத்தியர்களாக நாங்கள் கேட்டுக்கொள்வது மூன்று. நாற்பது கடந்தவர்கள் ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதியுங்கள். கடையில் கண்ணாடி வாங்கிப் போடுவது பரிசோதனை ஆகாது. கண்ணின் நீரழுத்த நோய் வலியில்லாமலே பார்வையைப் பறிக்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். விரலில் ஊசி ஏறி முறிந்தால் வீட்டில் தோண்டாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள். துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கலாம், ஏற்பு ஊசியும் தேவைப்படலாம்.

நூற்றாண்டின் நினைவாகக் கல்வெட்டு வைப்போம், மலர் வெளியிடுவோம். அதோடு, வருடத்தில் ஒரு நாள் இந்த மண்டபத்தில் கண் பரிசோதனை நடத்துவோம். கத்தாரிலோ லண்டனிலோ இருக்கும் தோழி ஒருவர் ஒரு கண்ணாடியின் செலவை ஏற்றால், இங்கே ஒரு தோழியின் மெசின் இன்னும் பல வருடம் ஓடும். இந்தப் பாடசாலை தந்த கைத்தொழிலைக் கண்ணாடி இல்லாத குறையால் எங்களில் எவரும் கைவிட வேண்டாம்.