சிறிய குசினிக்கு ஏற்ற அலுமாரி

கொட்டாஞ்சேனையிலே ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கைகளில் உள்ள பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு அவற்றின் அமைப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீதியோரத்தில் அகலங் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் வீடு. ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். எல்லாவற்றுக்கும் கடைசியிலே, ஒரு சிறு முற்றத்தின் ஓரத்தில் குசினி. பின்னாளில் எழுந்த மாடிமனைகளில் இக் குசினி இன்னுஞ் சுருங்கிற்று. இந்தச் சிறிய இடத்திலேதான் ஒரு குடும்பத்தின் அரிசியும், மாவும், மிளகாய்த்தூளும், சட்டி பானைகளும், அடுப்பும், எரிவாயுச் சிலிண்டரும் அடங்கவேண்டும்.

இவ்விடத்தைத் திருத்தியமைக்க எண்ணும் குடும்பம் முதலில் விசாரிப்பது அலுமாரியின் விலையைத்தான். முன்னாளில் தச்சரை அழைத்துப் பலாவிலோ, தேக்கிலோ, மஹோகனியிலோ செய்விப்பார்கள். இன்று முழு மரத்திற் செய்விப்பது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாயில்லை. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையுங் கடந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் பலகை, பிணைச்சல், இலாச்சித் தண்டவாளம் ஆகிய யாவுமே உடனேறின. ஆகையால், அறுத்துத் துளையிட்ட பலகைகளைத் தட்டையான பெட்டியிற் கட்டி விற்கும் அலுமாரிகளின்பால் மக்களின் நாட்டஞ் செல்வது இயல்பே. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, திருகாணிகளை முடுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1859ஆம் ஆண்டிலேயே வியன்னாவின் தோனெட் என்னும் தளபாடக்காரர், பிரித்துப் பூட்டக்கூடிய ஒரு நாற்காலியைச் செய்து, முப்பத்தாறு நாற்காலிகளை ஒரு கனமீற்றர்ப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார். 1956ஆம் ஆண்டளவில் சுவீடனின் ஐக்கியா நிறுவனம் மேசையின் கால்களைக் கழற்றி அனுப்பத் தொடங்கி, இவ்வழியையே தன் வாணிபத்தின் அடித்தளமாக்கிக் கொண்டது. லொறி நுழையாத ஒழுங்கைக்கும், மின்னுயர்த்தி இல்லாத மாடிக்கும் இதைவிட வசதியான முறை வேறில்லை. முச்சக்கர வண்டியிற் பலகைகளை ஏற்றிவந்து, ஒவ்வொன்றாகப் படியேற்றிவிடலாம்.

வசதி இவ்வளவு இருக்க, இரண்டு மழைக்காலங் கழிவதற்குள் அலுமாரியின் அடிப்பலகை ஊதிப் பருத்து, கதவு சாய்ந்து, இலாச்சி இறுகிவிட்டதென்று வருந்துவோர் பலராக இருப்பது ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, சிறிய குசினியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒரு பெண்மணியின் பணியைச் சற்று நோக்குவோம்.

1926ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிகொட்ஸ்கி என்னும் ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு குசினியை வரைந்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் சுமார் 3.4 மீற்றர். நம் கொட்டாஞ்சேனைக் குசினிகள் பலவற்றை ஒத்த அளவுதான். அத்தகைய குசினிகள் ஏறத்தாழப் பத்தாயிரம் அந்நகரத்து வீடுகளிற் பொருத்தப்பட்டன. மாவு வைக்கும் இலாச்சியைப் புழு அண்டாத ஓக் மரத்திலும், காய்கறி நறுக்கும் மேசையைக் கறை பிடிக்காத பீச் மரத்திலும் அவர் அமைத்தார். அலுமாரிகளுக்கு நீல வண்ணந் தீட்டினார். ஈக்கள் நீலத்தை விரும்பா என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஈயின் செய்தி எவ்வாறாயினும், ஒரே குசினியில் ஒவ்வோரிடத்துக்கும் அவ்வவ்விடத்துக்குரிய பொருள் என்ற அவருடைய கருத்து இன்றும் பழுதற்றது. நாமோ கடைக்குச் சென்று, கதவின் பளபளப்பைப் பார்த்து, ஒரே பலகையாலான முழுத் தொகுதியையும் வாங்கி வருகிறோம்.

இனி, மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஐரோப்பியருடைய குசினி பெரும்பாலும் உலர்ந்த குசினி. நம்முடையது ஈரக் குசினி. மீன் கழுவுகிறோம், அரிசி களைகிறோம், தேங்காய்ப்பால் பிழிகிறோம், இரவில் வாளித் தண்ணீரை ஊற்றி நிலத்தை அடித்துக் கழுவுகிறோம். கொழும்பிலோ ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. காற்றிலும் எந்நாளும் ஈரம். உலர்ந்த குசினிக்கென்று வகுத்த பலகை இங்கே வாடுவதில் வியப்பில்லை.

அப்பலகைதான் யாது? மலிவான தொகுதிகளில் உள்ளது மரச்சீவலைப் பசையோடு சேர்த்து அழுத்திய சிப்போர்ட் பலகை. இரண்டாம் உலகப் போரின்போது, மரத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய ஜேர்மனியில் இதன் ஆலைத்தொழில் தொடங்கிற்று. அதனினும் மென்மையான முகமுடையது, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை. நமது நாட்டிலும் ஹொறணைப் பகுதியில், பால் வற்றிய றப்பர் மரங்களைக் கொண்டு இதனைச் செய்யும் ஆலையொன்று நிறுவப்பட்டது. இவ்விரண்டின் மேலும் மெலமைன் என்னும் வழுவழுப்பான தோல் ஒட்டப்படுகிறது. அத்தோலினூடே தண்ணீர் புகாது. ஆனால் பலகையை அறுத்த ஓரமும், துளையிட்ட வாயும் தோலற்றவை. தண்ணீர் நுழைவது அவ்வழியே. ஓரத்தில் ஒட்டிய நாடா தடித்த பிளாஸ்திக்கா, வெறும் கடதாசியா என்று நகத்தினாற் சுரண்டிப் பார்ப்பது, கதவின் நிறத்தை நூறு முறை பார்ப்பதினும் பயனுடையது. குழாய்க்காகப் பின்பலகையில் வெட்டிய துளையின் வாய்க்கு வார்னிஷ் பூசி, உலர்ந்தபின் சிலிக்கன் பசையால் அடைப்பதற்கு அரைமணி நேரம் போதும். அலுமாரி பூட்ட வருபவர் இதனைத் தாமாகச் செய்யமாட்டார். கேட்டுச் செய்வித்தல் வேண்டும்.

சில பலகைகளின் உட்புறம் பச்சை நிறமாயிருக்கும். ஈரந் தாங்கும் வகை என்பதற்கு அஃது ஓர் அடையாளச் சாயமே. சாயத்துக்குத் தனியே ஒரு சக்தியும் இல்லை. ஈரந் தாங்குவதென்பதும் தண்ணீரில் நிற்பதென்பதும் வெவ்வேறு. ஒட்டுப்பலகையிலும் இவ்வாறே வேறுபாடுண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் 710 என்னும் எண் பெற்ற கப்பற் பலகை, கொதிநீரில் மூன்று நாள் கிடந்தும் பசை விடாதிருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண ஒட்டுப்பலகைக்கு அத்தகைய கடுஞ்சோதனை இல்லை.

கடைக்காரரின் சொல்லை நம்புவதா விடுவதா என்று தடுமாற வேண்டியதில்லை. வெட்டிக் கழித்த துண்டொன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் தடிப்பை அளந்து குறித்துக்கொண்டு, இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். காலையில் மீண்டும் அளந்தால், அப்பலகை உங்கள் குசினியில் எத்தகைய வாழ்வு வாழும் என்பது தெரிந்துவிடும். துண்டு தர மறுக்கும் கடையிலிருந்து வெளியேறுவதே சிறப்பு.

இச்சோதனையிலே தேறாத பலகையையும் முற்றாகத் தள்ளவேண்டும் என்பதன்று. உயரத்தே சுவரில் நிற்கும் அலுமாரிக்கும், தேயிலை, பருப்பு வைக்கும் தட்டுகளுக்கும் அது போதும். பாத்திரங் கழுவுந் தொட்டியின் கீழுள்ள அலுமாரிக்கு மட்டும் அதனைக் கொள்ளலாகாது. முழுக் குசினியிலும் பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் அந்த இரண்டரை அடிதான். அங்கே நல்ல ஒட்டுப்பலகையாவது, அலுமினியச் சட்டமாவது அமையட்டும். கொழும்பிலே அலுமினியத்தாற் செய்யும் குசினி அலுமாரிகள் இன்று எங்கும் பரவியுள்ளன. தட்டினால் தகரம்போல் ஒலிக்கும், அழகு குறைவு என்று சிலர் முகஞ் சுளிப்பர். கறையானும் ஈரமும் அதனை ஒன்றுஞ் செய்யா என்பதை எண்ணினால், அவ்வொலியைப் பொறுத்துக்கொள்ளலாம். இதனினும் மலிவான பழைய வழியும் உண்டு. செங்கல்லாற் சிறு தடுப்புச் சுவர்கள் எழுப்பி, சீமெந்துத் தட்டு வார்த்து, முகத்துக்கு மட்டும் கதவு பூட்டுவது. அடியில் எவ்வளவு தண்ணீர் சிந்தினும் கவலையில்லை. சொந்த வீட்டுக்காரருக்கு என் முதற் பரிந்துரை இதுவே.

அலுமாரியின் பெட்டி நேரே நிலத்தில் அமரக் கூடாது. திருகி உயர்த்தும் பிளாஸ்திக்குக் கால்கள் இருத்தல் வேண்டும்; கழுவுந் தண்ணீர் அவற்றின் இடையே ஓடிவிடும், துடைப்பமும் நுழையும், கரப்பொத்தானும் குடியேறாது. இங்கே உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெட்டிகளின் உயரம் பெரும்பாலும் 72 சென்ரிமீற்றர். பதினைந்து சென்ரிமீற்றர்க் காலும் மேற்பலகையுஞ் சேர்ந்தால் தொண்ணூறு ஆகிவிடும். உயர்ந்த மேனாட்டவருக்கு அது பொருந்தும். ஐந்தடி உயரமுள்ள நம் இல்லத்தரசி அந்த உயரத்தில் நின்று வெங்காயம் நறுக்கினால் தோள்பட்டை நோகும். முழங்கையை மடித்து நின்று, அதற்கு நான்கைந்து அங்குலங் கீழே மேசை வருமாறு அளந்து, பத்துச் சென்ரிமீற்றர்க் கால்களைக் கேட்டு வாங்கலாம். இவ்வளவு எடுக்கும்போது, வீட்டில் நாள்தோறும் சமைப்பவரையே நிறுத்தி அளக்கவேண்டும். கணக்குப் பார்க்கும் ஐயாவை அன்று.

சுவரைப் பற்றிய எச்சரிக்கை பழைய வீடுகளுக்கே உரியது. கபுக்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் எழுந்த சுவர்கள் திருகாணியை இறுகப் பிடிப்பதில்லை. தட்டிப் பார்த்துப் பொருபொருவென்று மண் உதிருமாயின், பாத்திரங்கள் நிறைந்த அலுமாரியை அதிலே தொங்கவிடுவது ஆபத்து. நிலத்திலிருந்தே எழும் உயர்ந்த அலுமாரி ஒன்றை நிறுத்தி, அது முன்னே சாயாதபடி மட்டும் சுவரோடு பிணைப்பது நன்று. ஈரங் கசியும் சுவராயின், அலுமாரிக்கும் சுவருக்குமிடையே ஓரங்குல வெளி விடுங்கள். மெல்லிய பின்பலகை பூஞ்சணம் பிடியாதிருக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது எரிவாயுச் சிலிண்டர். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், நம் நாட்டின் பல வீடுகளில் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்த செய்திகள் நாள்தோறும் வந்ததையும், அரசு குழு அமைத்து ஆராய்ந்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்த வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் மேலெழாது, நிலத்தோடு படிந்து தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரைக் கதவுள்ள அலுமாரிக்குள் ஒளித்து வைத்தால், கசிவு உள்ளேயே சேர்ந்து ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். வெளியில் முற்றத்தோரம் வைக்க இடமிருந்தால் அங்கேயே வைப்பது மேல். மாடிமனையில் உள்ளே வைக்கத்தான் வேண்டுமென்றால், அந்த அறைக்கு அடிப்பலகை வேண்டாம். கதவின் கீழ்ப்பகுதியிலும் மேற்பகுதியிலும் காற்றுப்போகும் இடைவெளி வேண்டும். கையை நீட்டினால் வால்வு எட்டவேண்டும். பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டரை மாற்றுபவர் கதவைக் கழற்றாமல் அதனை வெளியே உருட்ட இயலுமா என்று வாங்குமுன் அளந்து பாருங்கள். இதனைக் கடைக்காரர் தம் வரைபடத்திற் காட்டுவது அரிது.

வாடகைக் குடியினருக்கு ஒரு சொல். பூட்டியதைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விற்பவர் கூறுவர். சிப்போர்ட்டில் ஒருமுறை இறங்கிய திருகாணி, கழற்றி மறுபடி முடுக்கும்போது முன்போற் பற்றாது; துளை தூளாகிவிடும். உலோக உறை பதித்த துளைகளாயின் இரண்டொரு முறை தாங்கும். ஆகவே வாடகை வீட்டிலிருப்போர், முழுச் சுவரையும் அடைக்கும் தொகுதியை விட்டு, தனித்தனியே நிற்கும் இரண்டு மூன்று அலுமாரிகளை வாங்குவதே தகும். வண்டியில் ஏற்றும்போது அவற்றைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

முழுப்பணமும் ஒருங்கே கையில் இல்லாதவர்கள், கடன்பட்டு யாவற்றையும் ஒருநாளிற் பூட்ட வேண்டுமென்பதில்லை. இவ்வாண்டு தொட்டியின் கீழும் அடுப்பின் அருகும் உள்ளவற்றை நல்ல பொருளிற் செய்வித்துக் கொள்ளுங்கள். மேலே தொங்கும் அலுமாரிகள் அடுத்த சித்திரைக்கு வரட்டும். அதுவரை அங்குள்ள பழைய தட்டுப்பலகைக்கு ஒருமுறை வண்ணம் பூசினாற் போதும்.