போர்ச் செலவைச் சுமந்தவர் யார்?



இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் கருவூலம் வற்றிக்கொண்டிருந்தது. அதன் படைகளுக்குத் துணியும் தானியமும் தளவாடங்களும் இந்தியாவிலிருந்து சென்றன. 1939 நவம்பர் நிதி உடன்பாட்டின்படி இச்செலவில் பெரும்பகுதி பிரிட்டனைச் சார்ந்தது. ஆனால், சரக்குக்கு ஈடாகச் சரக்கோ தங்கமோ போதிய அளவில் வரவில்லை; லண்டனில் ஸ்டெர்லிங் கடனாகப் பற்று எழுதப்பட்டது. அந்தக் கடன் பத்திரங்களையே ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு வெளியிட்டது.

போரின் தொடக்கத்தில் 200 கோடி ரூபாயைத் தொடாத நோட்டுப் புழக்கம், போர் முடிந்தபோது 1,000 கோடியைத் தாண்டியிருந்தது. பண்டங்கள் அவ்வாறு பெருகவில்லை. விலை ஏறியது, கூலி பின்தங்கியது. சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி உழைப்பாளர் மீது விதிக்கப்பட்ட வரியாகவே பணவீக்கம் செயல்பட்டது. போர் ஒப்பந்தக்காரர்களும் பதுக்கல்காரர்களும் கொழுத்தனர்.

1943இல் வங்காளத்தில் அரிசி விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, நிலமற்ற கூலிகளும் மீனவர்களுமே முதலில் வீழ்ந்தனர். பஞ்சமும் அதைத் தொடர்ந்த நோய்களும் ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைப் பறித்தன.

கணக்கேட்டில் இந்தியா கடன் கொடுத்த நாடாயிற்று. அத்தொகையும் விடுதலைக்குப் பின் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டது. கஞ்சித் தொட்டியின் முன் மாண்டவர்களுக்கு எந்த ஏட்டிலும் வரவு இல்லை. அரசு கடன் வாங்கும்போதெல்லாம், அதை யார் தலையில் இறக்குகிறது என்று கேட்பது தொழிலாளி வர்க்கத்தின் கடமை.